நோயை வென்ற அறிஞர் சுப்பாராவ்

திருவனந்தபுரம் ஸ்ரீ அவிட்டம் திருநாள் மருத்துவமனைக்கு வரும் கருவுற்ற தாய்மார்களின் கையில் ஒரு சிறிய மாத்திரையைக் காணலாம். அதில் ஃபோலிக் அமிலம் உள்ளது. கருவில் வளரும் குழந்தையின் மூளையும் தண்டுவடமும் குறையின்றி உருவாக அது துணைபுரிகிறது. அம்மருந்தை உலகிற்கு அளித்த ஆய்வுக் குழுவின் தலைவர் எல்லாப்பிரகட சுப்பாராவ் ஆவார்.

சுப்பாராவ் 1895ஆம் ஆண்டு ஜனவரி 12ஆம் நாள், அன்றைய சென்னை மாகாணத்திலிருந்த பீமவரத்தில் பிறந்தார். இளமையிலேயே தந்தையை இழந்தார். குடும்பம் வறுமையில் வாடியது. பள்ளியிறுதித் தேர்வில் இருமுறை தோற்றார். சென்னை திருவல்லிக்கேணியில் உள்ள இந்து உயர்நிலைப் பள்ளியில் பயின்று, மூன்றாம் முறை வென்றார். பின்னர்ச் சென்னை மருத்துவக் கல்லூரியில் சேர்ந்தார். அங்குக் கதராடை அணிந்தமையால் ஆங்கிலேயப் பேராசிரியரின் சினத்திற்கு ஆளானார். எம்.பி.பி.எஸ். பட்டம் கிட்டவில்லை, அதனினும் குறைந்த எல்.எம்.எஸ். தகுதியே கிட்டியது.

அவருடைய உடன்பிறந்தார் இருவரை ‘ஸ்புரூ’ என்னும் குடல்நோய் சில நாள் இடைவெளியில் கொண்டுபோயிற்று. அந்நோய் கண்டவரின் குடல், உண்ட உணவின் சத்தை உறிஞ்சும் ஆற்றலை இழக்கும். வயிற்றுப்போக்கும் சோகையும் உடலை உருக்கும். அன்று அதற்குத் தக்க மருந்து இல்லை. இத்துயரம் சுப்பாராவின் நெஞ்சில் நிலைத்தது.

1923ஆம் ஆண்டு அவர் அமெரிக்காவின் பாஸ்டன் நகரை அடைந்தார். இரவில் மருத்துவமனையில் பணியாளாக உழைத்துக்கொண்டே ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் பயின்றார். ஃபிஸ்கே என்னும் அறிஞருடன் இணைந்து, உயிரணுக்களுக்கு ஆற்றல் வழங்கும் ஏ.டி.பி. என்னும் பொருளைத் தசையில் கண்டறிந்தார்.

1940ஆம் ஆண்டு லெடர்லி ஆய்வகத்தில் சேர்ந்தார். கல்லீரல் சாறு சிலவகைச் சோகையைத் தணிப்பதை மருத்துவர்கள் முன்பே அறிந்திருந்தனர். அச்சாற்றில் மறைந்திருந்த சத்துகளுள் ஒன்றே ஃபோலிக் அமிலம். அவருடைய குழுவினர் அதனைக் கல்லீரலிலிருந்து பிரித்தெடுத்தனர். 1945ஆம் ஆண்டில் செயற்கையாகவும் ஆக்கினர். ஸ்புரூ நோயாளிகள் அதனால் நலம் பெற்றனர். உடன்பிறந்தாரைக் காக்க இயலாதவர், முன்பின் அறியாத பலரைக் காத்தார்.

ஃபோலிக் அமிலத்தின் செயலைத் தடுக்கும் மருந்தையும் அக்குழு உருவாக்கியது. 1947ஆம் ஆண்டின் இறுதியில் பாஸ்டனில், இரத்தப் புற்றுநோயுற்ற குழந்தைகளுக்கு அம்மருந்து அளிக்கப்பட்டது. சிலருக்கு நோய் சிறிது காலம் தணிந்தது. குழந்தைப் புற்றுநோய் மருத்துவத்திற்கு அது புதுவழி திறந்தது.

தாயகம் திரும்பாமலே, 1948ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம், தமது 53ஆம் வயதில் சுப்பாராவ் மறைந்தார். 1995ஆம் ஆண்டு இந்திய அரசு அவருக்கு அஞ்சல்தலை வெளியிட்டது. தோல்வியும் துயரமும் முயற்சியைத் தடுக்க வேண்டியதில்லை என்பதை அவர்தம் வாழ்வு உணர்த்துகிறது.

சொற்பொருள்
சோகை – இரத்தக்குறைவு
தண்டுவடம் – முதுகெலும்பினுள் செல்லும் நரம்புத்தொகுதி

விடையளிக்க
1. ஸ்புரூ நோய் உடலை எவ்வாறு நலிவுறச் செய்கிறது?
2. ஃபோலிக் அமிலம் எதிலிருந்து பிரித்தெடுக்கப்பட்டது?
3. சுப்பாராவின் வாழ்வில் உம்மைக் கவர்ந்த நிகழ்ச்சியை ஐந்து வரிகளில் எழுதுக.