ஊரே கூடிக் கேட்ட குரல்
கொடுமுடி கோகிலம் கே.பி.சுந்தராம்பாள் வாழ்க்கை

ஒருவர் பாட்டுப் பெட்டி வாங்கினால் தெருவே பாட்டுக் கேட்ட காலம் ஒன்று இருந்தது. வீட்டுக்காரர் பெட்டியைத் திண்ணைக்குக் கொண்டு வருவார். சாவி கொடுப்பார். கறுப்புத் தட்டை எடுத்துத் துடைத்து வைப்பார். ஊசியை மாற்றி மெதுவாக இறக்குவார். கரகரவென்று சத்தம் வரும். பிறகு குரல் வரும்.

அந்தக் குரல் பல ஊர்களில் சுந்தராம்பாளின் குரலாக இருந்தது.

அவர் கொங்கு நாட்டில் பிறந்தவர். ஈரோட்டில் இருந்து கரூர் போகும் ரெயில் பாதையில், காவிரிக் கரையில் இருக்கிறது கொடுமுடி. மகுடேசுவரர் கோவில் உள்ள ஊர். தேவாரப் பாடல் பெற்ற கொங்குத் தலங்கள் ஏழு. அவற்றில் கொடுமுடியும் ஒன்று. அங்கே 1908-ம் ஆண்டு சுந்தராம்பாள் பிறந்தார். தாயார் பெயர் பாலாம்பாள். கொடுமுடியின் முதல் எழுத்தும் தாயார் பெயரின் முதல் எழுத்தும் சேர்ந்துதான் கே.பி. என்று ஆயிற்று. பெரும்பாலும் தந்தையின் பெயரே முன்னால் நிற்கும் நாட்டில், ஊரும் தாயும் முன்னால் நின்ற பெயர் அது.

அதே 1908-ல் கல்கத்தாவில் இசைத்தட்டுத் தொழிற்சாலை ஒன்று தொடங்கியது. இந்தியப் பாட்டுகளை இந்தியாவிலேயே தட்டாக அச்சடிக்க ஏற்பட்ட தொழிற்சாலை அது. கொடுமுடிக் குழந்தைக்கும் கல்கத்தா தொழிற்சாலைக்கும் என்ன சம்பந்தம் என்று அப்போது யார் கண்டார்கள்?

ரெயிலில் பாட்டு

தந்தை சிறு வயதிலேயே போய்விட்டார். குடும்பம் வறுமையில் வாடியது. சிறுமி சுந்தராம்பாள் ரெயிலில் பாடினாள். பயணிகள் கொடுத்த காசு வீட்டு அடுப்பை எரிய வைத்தது.

ரெயிலில் பாடுவது சாதாரண வேலை அல்ல. சக்கரம் தடதடக்கும். என்ஜின் கூவும். வியாபாரிகள் கத்துவார்கள். இத்தனைக்கும் மேலே குரல் கேட்க வேண்டும். அடுத்த ஸ்டேஷன் வருவதற்குள் கேட்பவர் மனம் இளக வேண்டும். பிற்காலத்தில் அவர் குரலில் இருந்த கணீர் என்ற தன்மைக்கு இந்தப் பயிற்சியும் ஒரு காரணமாக இருக்கலாம்.

திருச்சியில் எப்.ஜி.நடேசய்யர் என்ற ரெயில்வே அதிகாரி இருந்தார். நாடகத்தில் உயிரையே வைத்திருந்தவர். ரெயிலில் பாடிய சிறுமியின் குரலைக் கேட்டு, அவளை நாடகத்தில் சேர்த்து விட்டவர் அவர்தான் என்று சொல்வார்கள். போலீஸ் அதிகாரி ஒருவர்தான் முதலில் கேட்டு உதவினார் என்றும் ஒரு கதை உண்டு. எப்படியானாலும், கேட்டவர் தாம் மட்டும் கேட்டுவிட்டுப் போகவில்லை. இன்னொருவரை அழைத்துக் கேட்க வைத்தார். அதனால்தான் அந்தச் சிறுமி மேடை ஏறினாள்.

முதலில் கிடைத்தவை குழந்தை வேடங்கள். நாடகக்காரர்கள் அதைப் பாலபார்ட் என்பார்கள். நல்லதங்காள் நாடகத்தில் பசியால் அழும் பிள்ளையாக வந்து பாடினாள். சபை கண் கலங்கியது. பசியைப் பற்றி அந்தச் சிறுமிக்கு யாரும் சொல்லிக் கொடுக்க வேண்டியிருக்கவில்லை.

கொழும்பில் சந்திப்பு

அந்த நாளில் நாடக மேடையில் மைக் கிடையாது. இரவு முழுவதும் நாடகம் நடக்கும். கடைசியில் மண் தரையில் உட்கார்ந்திருப்பவனுக்கும் பாட்டுக் கேட்க வேண்டும். கேட்காவிட்டால் அவன் சும்மா இருக்க மாட்டான். சுந்தராம்பாளின் குரல் கடைசி வரிசையையும் தாண்டிப் போயிற்று. தமிழ்நாட்டில் மட்டும் அல்ல, இலங்கையிலும் புகழ் பரவியது.

செங்கோட்டை எஸ்.ஜி.கிட்டப்பாவும் அப்போது பெரிய நடிகர். 1906-ல் பிறந்தவர். உச்சத்தில் நின்று பாடுவதில் அவருக்கு இணை இல்லை என்று பெயர். 1926-ம் ஆண்டு கொழும்பில் இருவரும் சேர்ந்து நடித்தார்கள். இவரோடு பாடினால் தாக்குப் பிடிக்க முடியாது என்று இரண்டு பேரையும் சுற்றி இருந்தவர்கள் பயமுறுத்தினார்களாம். இருவருமே பயப்படவில்லை. வள்ளி திருமணத்தில் அவர் முருகனாகவும் இவர் வள்ளியாகவும் வந்தபோது கொட்டகை நிரம்பி வழிந்தது.

அடுத்த ஆண்டு திருமணம் செய்து கொண்டார்கள். கிட்டப்பாவுக்கு முன்பே மணமாகி இருந்தது. இருவரும் சேர்ந்து இருந்த காலம் கொஞ்சம். சேர்ந்து பாடியதும், சண்டை போட்டதும், பிரிந்து கடிதம் எழுதியதுமாக நாட்கள் போயின. மேடையில் அவர்களைப் பார்த்த ஜனங்களுக்கு இது எதுவும் தெரியாது.

திண்ணையும் தெருவும்

இதற்குள் பாட்டுப் பெட்டி கிராமங்களுக்கு வந்துவிட்டது. தட்டு ஒரு நிமிடத்தில் 78 தடவை சுற்றும். ஒரு பக்கத்தில் சுமார் மூன்று நிமிடப் பாட்டுத்தான் இருக்கும். மேடையில் அரை மணி நேரம் விரித்துப் பாடுகிறவர் இங்கே மூன்று நிமிடத்தில் எல்லாவற்றையும் சொல்லியாக வேண்டும். கை தவறினால் தட்டு உடைந்து போகும். ஆகையால் பெட்டிக்காரர் யாரையும் தொட விடமாட்டார். ஆனால் கேட்பதைத் தடுக்க முடியுமா?

கிட்டப்பாவின் தட்டுகளும் சுந்தராம்பாளின் தட்டுகளும் ஏராளமாக விற்றன. புதிய தட்டு வந்தால் பெட்டி உள்ளவர் ஊருக்குச் சொல்லி அனுப்புவார். வாங்கியவருக்கு அதில் ஒரு பெருமை. இன்னொரு தடவை வையுங்கள் என்று கேட்டவர்களுக்கு அதில் ஒரு உரிமை. தனியாக உட்கார்ந்து பாட்டுக் கேட்பது என்ற வழக்கமே அன்று அபூர்வம்.

ஆனால் திண்ணை எல்லோருக்கும் உரியதாக இல்லை. அதில் ஏற அனுமதி இல்லாத மக்கள் வீதி ஓரத்தில், வேலி ஓரத்தில் நின்றார்கள். பாட்டு அவர்களுக்கும் கேட்டது. திண்ணைக்கு எல்லை வைத்தவர்களால் குரலுக்கு எல்லை வைக்க முடியவில்லை.

வெள்ளைப் புடவை

1933-ம் ஆண்டு டிசம்பர் 2-ந்தேதி கிட்டப்பா இறந்தார். அவருக்கு வயது 27. சுந்தராம்பாளுக்கு வயது 25.

சுந்தராம்பாள் வெள்ளைப் புடவை கட்டினார். நகைகளை விலக்கினார். எந்த ஆண் நடிகருக்கும் ஜோடியாக நடிப்பதில்லை என்று உறுதி செய்தார். கொடுமுடிக்குப் போய் ஒதுங்கி இருந்தார்.

கணவனை இழந்த பெண் நாலு பேர் முன்னால் வருவதே கூடாது என்று நினைத்த காலம் அது. பாடுவது எப்படி? அந்தக் குரல் அங்கேயே அடங்கிப் போயிருக்கலாம். அப்படி அடங்கிப் போன குரல்கள் நம் நாட்டில் எத்தனையோ!

ஆனால் ஒரு விசித்திரம் நடந்தது. பாடியவர் வாய் மூடி இருந்தார். அவர் பாட்டு ஊர் ஊராகச் சுற்றிக் கொண்டிருந்தது. இறந்து போன கணவரின் குரலும், மவுனமாகி விட்ட மனைவியின் குரலும் திண்ணைகளில் மாறி மாறி ஒலித்தன. கேட்டவர்களுக்கு அந்தக் குரல் மறுபடியும் வேண்டியிருந்தது.

காங்கிரஸ் தலைவர் சத்தியமூர்த்திக்கு நாடகக் கலைஞர்களிடம் மிகுந்த பற்று உண்டு. அவர் முயற்சி எடுத்தார். சுந்தராம்பாள் தேசத் தொண்டுக்காகப் பாட வந்தார். 1937-ம் ஆண்டுத் தேர்தலில் காங்கிரஸ் மேடைகளில் பாடினார். பேச்சைக் கேட்க வந்தவர்களைவிட அம்மையாரின் பாட்டைக் கேட்க வந்தவர்கள் அதிகமாக இருந்த கூட்டங்களும் உண்டு. காந்தியடிகள் கொடுமுடியில் அவர் வீட்டில் உணவு அருந்தியதாகவும், பரிமாறிய தங்கத் தட்டையும் நிதிக்காகக் கேட்டு வாங்கி ஏலம் விட்டதாகவும் ஒரு கதை கொங்கு நாட்டில் வழங்குகிறது.

ஒரு லட்சம் ரூபாய்

அரசியல் மேடைக்கு நடுவிலே சினிமாவும் அழைத்தது. அசன்தாஸ் என்ற படாதிபதி நந்தனார் கதையைப் படமாக்க விரும்பினார். சுந்தராம்பாளுக்கு இஷ்டம் இல்லை. ஆளை அனுப்பி விடுவதற்காக ஒரு லட்சம் ரூபாய் கேட்டாராம். அவர் சரி என்று சொல்லிவிட்டார்! மாதம் 20, 30 ரூபாயில் குடும்பங்கள் நடந்த காலத்தில் ஒரு லட்சம் என்றால் நாடே வாய் பிளந்தது.

1935-ல் படம் வந்தது. சுந்தராம்பாள்தான் நந்தனார். ஆண் வேடம் ஆகையால் ஜோடியாக நடிக்கும் பிரச்சினை எழவில்லை. வேதியராக நடித்தவர் பெரிய சங்கீத வித்துவான் மகாராஜபுரம் விசுவநாதய்யர். கோவிலுக்குள் போக முடியாமல் வெளியே நின்ற பக்தனின் கதையை, வீட்டு வாசலைத் தாண்டக் கூடாது என்று உலகம் சொன்ன ஒரு பெண் நடித்தார்.

உண்மையைச் சொல்ல வேண்டும். படம் ஓடவில்லை. எழுத்தாளர் கல்கி அதைக் கடுமையாகக் கேலி செய்து எழுதினார். செலவழித்த பணத்துக்கும் கிடைத்த பலனுக்கும் பொருத்தமே இல்லை. அதற்குப் பிறகு 1940-ல் மணிமேகலையில் நடித்தார். அதிலும் துறவி வேடம்தான்.

அவ்வையார்

1951-ல் அம்மையார் சென்னை மேல்-சபை உறுப்பினர் ஆனார். இந்தியாவில் சட்டசபைக்குள் நுழைந்த முதல் நாடக, சினிமா கலைஞர் அவரே என்று சொல்வார்கள். ரெயிலில் காசுக்குப் பாடிய சிறுமி கோட்டைக்குள் போய் உட்கார்ந்தார்.

1953-ல் ஜெமினி வாசன் எடுத்த அவ்வையார் வெளிவந்தது. நெற்றி நிறைய விபூதி, கையில் கோல், முதுமை வேடம். அப்போது அவருக்கு வயது 44. தமிழ்நாட்டுக் குழந்தைகளுக்கு அவ்வையார் என்றால் இந்த முகம்தான் என்று ஆகிவிட்டது. சங்க காலத்து அவ்வையார் எப்படி இருந்திருப்பார் என்று யாருக்கும் தெரியாது. ஆனால் அவர் குரல் இப்படித்தான் இருந்திருக்கும் என்று எல்லோரும் நம்பினார்கள்.

1964-ல் பூம்புகார் படத்தில் கவுந்தி அடிகளாக வந்தார். சைவத்தில் ஊறியவர் ஆகையால் சமணத் துறவியாக நடிக்க முதலில் தயங்கினார் என்பார்கள். 1965-ல் வந்தது திருவிளையாடல். ஞானப்பழம் கிடைக்காமல் கோபித்துக் கொண்டு பழனி மலை ஏறிய முருகனை, அவ்வையாராக வந்து பாடிச் சமாதானம் செய்தார்.

இதற்குள் பாட்டுக் கேட்கும் முறை மாறி இருந்தது. 1939-ல் திருச்சி வானொலி நிலையம் தொடங்கியது. 1966-ல் கோவைக்கும் வானொலி நிலையம் வந்தது. நகராட்சிப் பூங்காவிலும் பஞ்சாயத்து ஆபீசிலும் ரேடியோ வைத்தார்கள். டீக்கடையில் ஒரு டீ வாங்கிக் கொண்டு நாலு பாட்டுக் கேட்டவர்கள் உண்டு. கோவில் நோம்பி என்றால் மைக் செட்டுக்காரர் முதல் நாளே வந்து, தென்னை மரத்தின் உச்சியில் குழாயைக் கட்டி விடுவார். விடியற்காலையில் பாட்டு ஆரம்பித்தால் பக்கத்து ஊருக்கும் கேட்கும். ஆற்றில் துணி துவைப்பவர்கள், தோட்டத்தில் தண்ணீர் பாய்ச்சுபவர்கள், நூற்பு மில்லில் ஷிப்ட் முடிந்து சைக்கிளில் வருபவர்கள் எல்லோரும் ஒரே பாட்டைக் கேட்டார்கள். இந்தச் சத்தம் தூக்கத்தைக் கெடுக்கிறது என்று அலுத்துக் கொண்டவர்களும் இல்லாமல் இல்லை.

கோவைக்காரர் எடுத்த படம்

சாண்டோ சின்னப்பா தேவர் கோவையைச் சேர்ந்தவர். தீவிர முருக பக்தர். மருதமலைக்கு அவர் செய்த திருப்பணிகள் கோவையில் எல்லோருக்கும் தெரியும். அவர் 1969-ல் துணைவன் என்ற படம் எடுத்தார். அதில் சுந்தராம்பாள் பாடினார்.

சிறந்த பின்னணிப் பாடகிக்கான தேசிய விருது 1968-ம் ஆண்டுக்கு முதன்முதலாக பி.சுசீலாவுக்குக் கிடைத்திருந்தது. 1969-ம் ஆண்டு விருது துணைவன் படத்துக்காக சுந்தராம்பாளுக்குக் கிடைத்தது. அப்போது அவர் 60 வயதைத் தாண்டியவர். இளம் கதாநாயகிகளுக்குப் பாடுகிறவர்கள் நிறைந்த துறையில், வெள்ளைப் புடவையும் விபூதியுமாகப் போய் அந்த விருதை வாங்கினார். 1970-ல் பத்மஸ்ரீ பட்டம் வந்தது.

சொந்த ஊரை அவர் மறக்கவில்லை. கொடுமுடியில் தன் பெயரால் ஒரு சினிமாக் கொட்டகை கட்டினார்.

1980-ம் ஆண்டு அம்மையார் காலமானார். கிட்டப்பா போன பிறகு 47 ஆண்டுகள். அத்தனை ஆண்டுகளிலும் கட்டிய வெள்ளைப் புடவையை மாற்றவில்லை. ஜோடி சேர்ந்து நடிப்பதில்லை என்ற உறுதியும் மாறவில்லை.

பங்குனி உத்திரம் வந்தால் கொங்கு நாட்டு மக்கள் கொடுமுடிக்கு வருவார்கள். காவிரியில் குளித்து, குடத்தில் தீர்த்தம் எடுத்து, காவடி கட்டிப் பழனிக்கு நடப்பார்கள். வழியில் பந்தல் போட்டு நீர்மோர் கொடுப்பார்கள். பந்தலில் பாட்டு வைப்பார்கள். கொடுமுடித் தண்ணீரைத் தோளில் சுமந்து போகிறவர்கள், கொடுமுடி அம்மையாரின் பாட்டையும் கேட்டுக் கொண்டே பழனி மலையை நோக்கிப் போவார்கள்.