நாவில் இரு சொட்டு: போலியோவை ஒடுக்கிய ஆல்பர்ட் சபின்

குழந்தைகளின் கை, கால்களை முடக்கி வந்த இளம்பிள்ளை வாத நோயை, நாவில் இடும் இரு சொட்டு மருந்தால் தடுக்க முடியும் என்று நிறுவியவர் அமெரிக்க மருத்துவ ஆய்வாளர் ஆல்பர்ட் சபின். போலியோ முகாம்கள் வாயிலாக இந்தியாவின் மூலைமுடுக்கெல்லாம் சென்றடைந்த அந்த மருந்துக்கு அவர் காப்புரிமை பெறவில்லை.

அன்றைய ரஷ்யப் பேரரசில் இருந்த, தற்போது போலந்தில் உள்ள பியாலிஸ்டாக் நகரில், யூதக் குடும்பம் ஒன்றில் 1906-ஆம் ஆண்டு ஆகஸ்ட் 26-ஆம் தேதி சபின் பிறந்தார். 1921-இல் குடும்பத்தினருடன் அமெரிக்காவில் குடியேறினார். உறவினரின் பொருளுதவியுடன் பல் மருத்துவம் பயிலத் தொடங்கிய அவர், நுண்ணுயிரிகள் மீதான ஆர்வத்தால் பொது மருத்துவத்துக்கு மாறி, 1931-இல் நியூயார்க் பல்கலைக்கழகத்தில் பட்டம் பெற்றார். அதே ஆண்டு அந்நகரில் பரவிய போலியோ, அவரை அந்நோய் குறித்த ஆய்வுக்கு இட்டுச் சென்றது.

நியூயார்க்கின் ராக்ஃபெல்லர் ஆய்வு நிறுவனத்தில் பணியாற்றியபோது, 1936-இல் சபினும் பீட்டர் ஒலிட்ஸ்கியும் போலியோ வைரஸை மனிதக் கருவின் நரம்புத் திசுவில் வளர்த்தனர். பிற திசுக்களில் அது வளரவில்லை. இதனால், மூக்கின் வழியே நுழையும் வைரஸ் நேரடியாக நரம்பு மண்டலத்தைத் தாக்குகிறது என்ற அன்றைய கருத்து வலுப்பெற்றது. நரம்புத் திசுவிலிருந்து தயாரிக்கப்படும் மருந்து மூளையில் அழற்சியை உண்டாக்கும் என்ற அச்சமும் தடுப்பு மருந்து முயற்சிகளுக்குத் தடையாக இருந்தது.

இந்தக் கருத்தைத் தகர்த்தவர்களில் சபினும் ஒருவர். 1939-இல் சின்சினாட்டி சென்ற அவர், ராபர்ட் வார்டுடன் இணைந்து போலியோவால் உயிரிழந்தோரின் உடல்களை ஆராய்ந்தார். வைரஸ் மூக்கில் அன்றி உணவுப் பாதையில் காணப்படுவதை அவர்கள் 1941-இல் வெளியிட்டனர். குடலில் பெருகும் வைரஸ் மிகச் சிலரிடம் மட்டுமே தண்டுவடத்தை அடைந்து வாதத்தை உண்டாக்குகிறது. எனவே, குடலிலேயே அதனைத் தடுப்பது சபினின் இலக்கானது.

இரண்டாம் உலகப் போரின்போது ராணுவ மருத்துவப் பிரிவில் டெங்கு, ஜப்பானிய மூளைக்காய்ச்சல் ஆகியவை குறித்தும் அவர் ஆய்வு செய்தார்.

செயலிழக்கச் செய்யப்பட்ட வைரஸைக் கொண்டு ஜோனஸ் சால்க் உருவாக்கிய தடுப்பூசி 1955-இல் பயன்பாட்டுக்கு வந்தது. வீரியம் குறைக்கப்பட்ட உயிருள்ள வைரஸே குடலில் வலுவான எதிர்ப்பாற்றலை அளிக்கும் எனக் கருதிய சபின், தமது மருந்தைத் தம்மிடமும் தம் மனைவி, மகள்களிடமும் சிறைக் கைதிகளான தன்னார்வலர்களிடமும் சோதித்தார்.

அமெரிக்காவில் சால்க் தடுப்பூசி பரவலாகிவிட்ட நிலையில், பெரும் பரிசோதனைக்கு சோவியத் ஒன்றியம் களமானது. பனிப்போர்ப் பகையையும் மீறி, மிகைல் சுமாகோவ் தலைமையில் 1960-ஆம் ஆண்டு இறுதிக்குள் 7 கோடிக்கும் அதிகமானோருக்கு அங்கு மருந்து வழங்கப்பட்டது. அதன் பின்னரே, 1961 முதல் 1963 வரை படிப்படியாக அமெரிக்கா அதற்கு உரிமம் அளித்தது.

எனினும், மருந்தில் உள்ள வைரஸ் மிக அரிதாக மீண்டும் வீரியம் பெற்று வாதத்தை ஏற்படுத்துவது பின்னர் தெரியவந்தது. சபின் இதனை ஏற்க மறுத்து வாதிட்டார். ஆனால், அமெரிக்கா 2000-இல் முழுமையாகத் தடுப்பூசிக்கே திரும்பியது. இந்தியாவிலும் 2015-இல் சொட்டு மருந்துடன் தடுப்பூசி சேர்க்கப்பட்டது. 2016-இல் இரண்டாம் வகை வைரஸ் சொட்டு மருந்திலிருந்து நீக்கப்பட்டது.

உலக சுகாதார அமைப்பு போலியோ ஒழிப்பு இலக்கை அறிவித்த 1988-இல், ஆண்டுதோறும் சுமார் 3.5 லட்சம் பேர் இந்நோயால் வாதத்துக்கு ஆளாயினர். இந்தியாவில் 1995-இல் தொடங்கிய தீவிர சொட்டு மருந்து இயக்கத்தின் பலனாக, 2011 ஜனவரியில் மேற்கு வங்கத்தின் ஹௌராவில் பதிவானதே இயற்கை வைரஸால் ஏற்பட்ட கடைசி பாதிப்பாக அமைந்தது. 2014 மார்ச் 27-ஆம் தேதி, இந்தியா உள்ளிட்ட தென்கிழக்கு ஆசியப் பிராந்தியம் போலியோ அற்றதாகச் சான்றளிக்கப்பட்டது.

அதனைக் காண சபின் உயிருடன் இல்லை. கழுத்துத் தண்டுவடப் பாதிப்பால் 1983-இல் தாமே தற்காலிக வாதத்துக்கு ஆளாகி மீண்ட அவர், 1993 மார்ச் 3-ஆம் தேதி வாஷிங்டனில் 86-ஆவது வயதில் காலமானார். அமெரிக்கக் கண்டங்கள் போலியோ அற்றவையாக அறிவிக்கப்பட்டது அதற்கு அடுத்த ஆண்டில்தான் என்பது குறிப்பிடத்தக்கது.