நந்தினி சத்பதி அம்மா வாங்கித் தந்த உரிமை

ஸ்டேஷனுக்கு வான்னு போலீஸ் கூப்பிட்டாலே நமக்குக் கை கால் உதறும். முதலமைச்சரா இருந்த ஒரு அம்மாவுக்கும் அப்படி ஒரு நாள் வந்தது.

நந்தினி சத்பதி 1931-இல் ஒடிசாவில் பிறந்தவர். எழுத்தாளர். 1972-இல் அந்த மாநிலத்தின் முதல் பெண் முதலமைச்சர் ஆனார். 1976-இல் பதவி போச்சு. மறுவருஷமே அவர் மேல் சொத்து வழக்கு. கட்டாக்கில் ஸ்டேஷனுக்கு வரச்சொல்லி, நீளமா ஒரு கேள்விப் பட்டியலைக் கொடுத்தாங்க. தன்னைக் குற்றவாளியாக்கும் பதிலைத் தன் வாயாலேயே சொல்ல முடியாதுன்னு மறுத்தார். அதுக்கும் ஒரு வழக்கு!

அவர் உச்ச நீதிமன்றம் வரை போனார். 1978-இல் நீதிபதி கிருஷ்ணய்யர் தீர்ப்பு எழுதினார். மிரட்டிப் பதில் வாங்கக் கூடாது. விசாரணையில் வக்கீலைக் கூட வைத்துக்கொள்ளலாம். விசாரிக்கப் பெண்ணை ஸ்டேஷனுக்கு வரவழைத்ததே சட்டத்துக்கு விரோதம், அவர் இருக்கும் இடத்துக்குத்தான் போலீஸ் போகணும்.

2006-இல் அவர் காலமானார். அந்தத் தீர்ப்பு நமக்கு இருக்கு.

செட்டிகுளத்தில் நம்ம உறுப்பினர் யாரையாவது விசாரணைக்குக் கூப்பிட்டால், தனியாப் போகாதீங்க. முதலில் குழுவுக்குச் சொல்லுங்க. மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் பெண்களுக்கு இலவசமா வக்கீல் உண்டு. வருமானம் பார்க்க மாட்டாங்க.