முதலையும் சட்டையும்

ஆடவர் அன்றாடம் அணியும் காலர் வைத்த பின்னலாடைச் சட்டைக்கு விலை கூறுவது எது? அதன் நூலா, தையலா, அல்லது மார்பின் இடப்புறம் ஒட்டிக்கொண்டிருக்கும் சின்னமா? முதல் மாதச் சம்பளத்தின் கணிசமான பகுதியை ஒரே ஒரு சட்டைக்குச் செலவிடும் இளைஞர்களைப் பார்க்கும்போதெல்லாம் இந்தக் கேள்வி எனக்குள் எழும். கூடவே, அந்தச் சின்னத்தின் கதைக்கு மூல காரணமான ரெனே லகோஸ்ட் என்ற பிரெஞ்சுக்காரரின் வாழ்க்கையும் நினைவுக்கு வரும்.

1904-ஆம் ஆண்டு ஜூலை 2-ஆம் தேதி பாரிஸில் பிறந்தவர் லகோஸ்ட். தந்தை, ஹிஸ்பானோ-சுய்சா என்ற புகழ்பெற்ற கார் நிறுவனத்தில் உயர் பொறுப்பு வகித்தவர். மகன் டென்னிஸ் மட்டையை முதன்முதலாகக் கையில் எடுத்தபோது வயது 15. அந்த வயதில் தொடங்கி உலகை வெல்வது எளிதன்று. பிறவித் திறமையைவிட உழைப்பையே அவர் நம்பினார். எதிராளிகளின் பலத்தையும் பலவீனத்தையும் குறிப்பேட்டில் எழுதிவைத்துப் படித்தார். தனியே பயிற்சி செய்வதற்காகப் பந்து வீசும் இயந்திரம் ஒன்றையும் உருவாக்கினார்.

அந்த உழைப்பு வீண்போகவில்லை. பிரெஞ்சு ஓபன் பட்டத்தை மூன்று முறையும், விம்பிள்டனையும் அமெரிக்கப் பட்டத்தையும் தலா இரண்டு முறையும் வென்றார். 1920 முதல் தொடர்ந்து டேவிஸ் கோப்பையைத் தன்வசம் வைத்திருந்த அமெரிக்காவை, 1927-இல் அதன் சொந்த மண்ணான பிலடெல்பியாவில் பிரான்ஸ் வீழ்த்தியது. அப்போது பில் டில்டன், பில் ஜான்ஸ்டன் ஆகிய இருவரையுமே ஒற்றையர் ஆட்டங்களில் தோற்கடித்தவர் லகோஸ்ட். போரோத்ரா, கோஷே, புருஞோன் ஆகியோருடன் அவரையும் சேர்த்து 'நான்கு வீரர்கள்' என்று பிரான்ஸ் கொண்டாடியது.

நான் சொல்ல வந்த சட்டை இங்கேதான் பிறக்கிறது. அக்காலத்து டென்னிஸ் வீரர்கள் தறியில் நெய்த துணியாலான, பொத்தான் வைத்த வெள்ளை முழுக்கைச் சட்டை அணிந்து ஆடினார்கள். வியர்வையில் நனைந்தால் அது உடலோடு ஒட்டிக்கொள்ளும். கையை வீசினால் தோளில் இழுக்கும். லகோஸ்ட் இதை ஒரு பொறியாளரின் கண்ணோடு பார்த்தார். நெய்த துணிக்குப் பதிலாகப் பின்னிய பருத்தித் துணியைத் தேர்ந்தெடுத்தார். பிக்கே எனப்படும் அந்தத் துணியில் தேன்கூடு போன்ற சிறு குழிகள் இருக்கும். அதனால் துணி முழுவதுமாகத் தோலில் படியாது, காற்று புகும். பின்னல் என்பதால் உடலின் அசைவுக்கு இசைந்து நீளும். அரைக்கை, மென்மையான காலர், குனிந்து எழுந்தாலும் கால்சட்டையிலிருந்து வெளியே வந்துவிடாத நீண்ட பின்புறம் என அனைத்துக்கும் ஒரு காரணம் இருந்தது. 1926-இல் அமெரிக்கப் பட்டத்துக்கான போட்டியில் அத்தகைய சட்டையை அணிந்து ஆடி வென்றார்.

முதலை வந்த கதை வேறு. 1923-இல் டேவிஸ் கோப்பைப் போட்டிக்காக பாஸ்டன் சென்றிருந்தபோது, கடையொன்றில் இருந்த முதலைத்தோல் பெட்டியின் மீது அவருக்கு ஆசை உண்டாயிற்று. முக்கியமான ஆட்டத்தில் வென்றால் அதை வாங்கித் தருவதாக அணித் தலைவர் பந்தயம் கட்டினார். அதைக் கேள்விப்பட்ட அமெரிக்கச் செய்தியாளர் வைத்த முதலை என்ற பட்டப்பெயர் நிலைத்துவிட்டது. பிடித்த இரையை விடாத அவருடைய ஆட்டத்துக்கும் அது பொருந்தியது. ராபர்ட் ஜார்ஜ் என்ற நண்பர் வரைந்து கொடுத்த முதலையைத் தம் மேலங்கியில் தைத்துக்கொண்டார்.

உடல்நலக் குறைவால் இளம் வயதிலேயே போட்டிகளிலிருந்து விலகினார். 1933-இல் பின்னலாடைத் தொழிலதிபர் ஆந்த்ரே ஜில்லியேவுடன் இணைந்து அந்தச் சட்டையை விற்பனைக்குக் கொண்டுவந்தார். சின்னத்தை ஆடையின் வெளிப்புறத்தில் பொறித்து விற்ற முதல் நிறுவனங்களுள் அதுவும் ஒன்று. அதற்கு வைத்த குறியீட்டெண்ணில் 12 என்பது இறுதியாகத் தேர்வான மாதிரியின் வரிசை எண். மாதிரிகள் பல செய்து பார்த்த பிறகே ஒன்றை ஏற்றார்கள் என்பதை அந்த எண்ணே சொல்கிறது. 1951 வரை வெள்ளை நிறத்தில் மட்டுமே அது விற்கப்பட்டது.

இந்த வரிசையை நான் முக்கியமாகக் கருதுகிறேன். முதலில் ஒரு தொல்லை, பிறகு அதைத் தீர்த்த சட்டை, அதன் பிறகே சின்னம். இன்றைய சந்தையில் இந்த வரிசை பெரும்பாலும் தலைகீழாகிவிட்டது. சின்னம் முதலில் விற்கப்படுகிறது. சட்டை அதைத் தாங்கிவரும் துணியாக நிற்கிறது. இப்படியொரு காலத்துக்கு வழிதிறந்தவர்களில் லகோஸ்டும் ஒருவர் என்பதை மறுப்பதற்கில்லை.

ஆனால், அவருடைய வாழ்க்கையிலேயே இதற்கு மறுமொழியும் இருக்கிறது. மர மட்டைகள் கோலோச்சிய காலத்தில், 1960-களில், எஃகுக் குழாயாலான டென்னிஸ் மட்டையை அவர் உருவாக்கினார். அமெரிக்காவில் அதை விற்றது வில்சன் நிறுவனம், பெயர் டி2000. 1974-இல் விம்பிள்டனை வென்ற ஜிம்மி கானர்ஸின் கையில் இருந்தது அந்த மட்டைதான். அந்தப் பெயரில் லகோஸ்ட் இல்லை. மட்டை தன் தரத்தாலேயே நின்றது.

சட்டை வாங்கும்போதும் இந்த அளவுகோலே போதும் என்பது என் கருத்து. சின்னத்தைப் பிரித்தெடுத்துவிட்டால் இந்தச் சட்டைக்கு இந்த விலை தருவோமா என்று கேட்டுப் பார்க்கலாம். சட்டையை உட்புறம் திருப்பினால் தையல் சீராக இருக்கிறதா, நூல் பிசிறுகள் தொங்குகின்றனவா என்பது தெரிந்துவிடும். வெளிச்சத்தில் பிடித்தால் பின்னல் ஒரே அடர்த்தியாகத் தெரிய வேண்டும். காஜா நெருக்கமாகத் தைக்கப்பட்டிருக்க வேண்டும். தோள் தையலின் உள்ளே பட்டி வைத்திருந்தால் தோள் எளிதில் தொய்யாது. பக்கவாட்டுத் தையல் முன்பக்கமாகத் திரும்பியிருந்தால், துவைக்கத் துவைக்கச் சட்டை முறுக்கிக்கொள்ளும். காலரை மடித்து விட்டால் பழைய வடிவுக்குத் திரும்ப வேண்டும். இவற்றைப் பார்க்க ஐந்து நிமிடம் ஆகாது.

பெருநிறுவனச் சட்டைகள் அனைத்தும் வீண் என்று நான் சொல்லவில்லை. சாயம் போகாமை, மாறாத அளவு, நல்ல நூல் ஆகியவற்றுக்குக் கூடுதல் விலை கொடுப்பதில் நியாயம் உண்டு. பல ஆண்டுகள் உழைக்கும் ஒரு சட்டை, ஆண்டுதோறும் மாற்ற நேரும் மலிவான சட்டைகளைவிடச் சிக்கனமானது. ஆனால் அந்தத் தரம் சின்னத்துக்கு மட்டுமே உரியதன்று. உலகின் பல நாடுகளுக்குப் பின்னலாடை அனுப்பும் திருப்பூரில், வெளிநாட்டு நிறுவனங்களின் பெயர்ப்பட்டைகளைத் தைக்கும் கைகளே பெயர் அறியப்படாத சட்டைகளையும் தைக்கின்றன. இதை நாமே மறந்துவிட்டு, சின்னம் இல்லாத சட்டை அணிந்தவரை ஒருபடி கீழாகப் பார்ப்பதுதான் வேதனை. கடன் வாங்கியாவது அந்தச் சின்னத்தை அணிய வேண்டும் என்ற நெருக்கடிக்கு இளைஞர்களைத் தள்ளுவது இந்தப் பார்வையே.

1996-ஆம் ஆண்டு அக்டோபர் 12-ஆம் தேதி, 92-ஆம் வயதில் லகோஸ்ட் மறைந்தார். 2012-இல் அவருடைய நிறுவனம் குடும்பத்தின் கையைவிட்டு ஒரு சுவிஸ் குழுமத்துக்குச் சென்றது. முதலை இன்றும் இருக்கிறது. எதையும் ஆராய்ந்து, குறிப்பெடுத்து, பயன் கண்ட பிறகே ஏற்ற அந்த மனிதரின் பழக்கத்தை, முதலையை விரும்பும் நம் இளைஞர்கள் முதலில் கைக்கொள்ள வேண்டும். அதற்கு விலை ஏதுமில்லை.