விண்கல்லின் உண்மை கண்டவர்

காஞ்சிபுரத்தில் பட்டுச் சேலையின் சரிகையைச் சோதித்த பின்னரே அதன் தரத்தை ஒப்புக்கொள்வர். வானிலிருந்து விழுந்ததாகக் கூறப்படும் கல்லையும் அவ்வாறே ஆராய்ந்து தெளிய வேண்டும். அதற்கு வழிவகுத்தவர் எர்னஸ்ட் கிளாட்னி.

ஜெர்மனியின் விட்டன்பர்க் நகரில் 1756இல் பிறந்த அவர், தந்தையின் விருப்பப்படி சட்டம் பயின்றார். தந்தை மறைந்தபின், தம் மனம் நாடிய அறிவியலுக்குத் திரும்பினார். தகட்டில் மணல் தூவி, அதிர்வின் வடிவங்களைக் கண்ணுக்குக் காட்டிப் புகழ்பெற்றார்.

வானிலிருந்து கல் விழும் என்பதை அக்கால அறிஞர் பலர் மூடநம்பிக்கை என ஒதுக்கினர். கிளாட்னியோ, நேரில் கண்டோரின் பழைய சாட்சியங்களைத் திரட்டி, வழக்கை ஆராய்வதுபோல் ஒப்புநோக்கினார். அக்கற்கள் விண்வெளியிலிருந்து வருபவை என 1794இல் நூல் எழுதினார். பலர் அதனை எள்ளினர். அவர் தம் கருத்தைக் கைவிடவில்லை.

1798 டிசம்பரில் நம் நாட்டின் காசிக்கு அருகே கற்கள் விழுந்தன. ஆங்கிலேய வேதியியலாளர் எட்வர்டு ஹோவர்டு, அவற்றை இங்கிலாந்திலும் இத்தாலியிலும் பொகீமியாவிலும் விழுந்த கற்களோடு பகுத்தாய்ந்தார். நெடுந்தொலைவு இடைவெளியில் விழுந்த அக்கற்கள் அனைத்திலும் நிக்கல் கலந்த இரும்பு இருந்தது. புவிப் பாறைகளில் அஃது அரிது. 1802இல் இம்முடிவு வெளியானது. மறு ஆண்டு பிரான்சில் ஏராளமான கற்கள் பொழிய, எஞ்சிய ஐயமும் அகன்றது.

1827இல் மறைந்த கிளாட்னி, தாம் திரட்டிய விண்கற்களைப் பெர்லின் பல்கலைக்கழகத்திற்கு விட்டுச் சென்றார். கருகிய மேலோடு, காந்த ஈர்ப்பு, நிக்கலின் அளவு ஆகியவற்றைக் கொண்டே இன்றும் விண்கல்லை ஆய்கின்றனர். கண்டவர் சொல்லை இகழாமலும், சோதியாமல் ஏற்காமலும் இருப்பதே அறிவியல் நெறி.