கொல்லரின் மகன் வரைந்த பாறை மேப்... பரிசாகக் கிடைத்த சிறை! - வில்லியம் ஸ்மித்தின் கதை

கடலே எட்டிப்பார்க்காத ஊர் அது. ஆனா, அங்கே பால் பண்ணைகளில் வெண்ணெய் எடைபோட வைத்திருந்த உருண்டைக் கற்கள் எல்லாம், கல்லாகிப்போன கடல் உயிரினங்கள்! அதை வேடிக்கை பார்த்து வளர்ந்த சிறுவன்தான் வில்லியம் ஸ்மித்.

1769-ல் இங்கிலாந்தின் ஆக்ஸ்ஃபோர்டுஷைரில் பிறந்தார். அப்பா கொல்லர். ஸ்மித்துக்கு எட்டு வயசாகும்போது அப்பா இறந்துவிட, உறவினர் வீட்டில் வளர்ந்தார். காலேஜ் பக்கமே போகவில்லை. 18 வயதில் நிலம் அளக்கும் சர்வேயரிடம் உதவியாளராகச் சேர்ந்தார்.

அடுத்து, சோமர்செட்டில் நிலக்கரி கொண்டுபோகக் கால்வாய் வெட்டும் வேலை. வெட்ட வெட்ட, பாறைகள் அடுக்கடுக்காக, ஒரே வரிசையில் வருவதைக் கவனித்தார். பார்க்க ஒரே மாதிரி இருக்கும் இரண்டு களிமண் அடுக்குகளை எப்படிப் பிரிச்சுச் சொல்றது? விடை புதைபடிவங்களில் இருந்தது. ஒவ்வொரு அடுக்குக்கும் அதற்கே உரிய சங்கு, சிப்பிகள். அவற்றைப் பார்த்தால் போதும், இது எந்த அடுக்கு, கீழே என்ன வரும் என்று சொல்லிவிடலாம். நிலக்கரி இல்லாத இடத்தில் குழி தோண்டிப் பலரும் பணத்தைத் தொலைத்த காலத்தில், இது சாதாரண விஷயமில்லை.

1799-ல் கால்வாய் வேலை பறிபோனது. அதற்குப் பிறகு கிடைத்த வேலைகளுக்காக நாடு முழுக்க அலைந்தார். போன இடமெல்லாம் பாறைகளைக் குறித்துக்கொண்டார். 1815-ல் வெளிவந்தது அவருடைய வரைபடம். எட்டடிக்கும் மேல் உயரம், கையால் தீட்டிய வண்ணங்கள். ஒரு நாடு முழுவதற்குமான முதல் விரிவான நிலவியல் மேப் அதுதான்.

ஆனால், லண்டன் நிலவியல் சங்கத்தில் இருந்தவர்கள் வசதியான கனவான்கள். கொல்லரின் மகனுக்கு அங்கே இடமில்லை. போதாததற்கு, சங்கத்தின் முதல் தலைவர் ஜார்ஜ் கிரீனோ, ஸ்மித்தின் தகவல்களையும் எடுத்துக்கொண்டு போட்டியாக இன்னொரு மேப் தயாரித்தார். ஏற்கெனவே கல் குவாரியில் போட்ட பணமும் போயிருந்தது. ஆசையாகச் சேர்த்த புதைபடிவங்களை பிரிட்டிஷ் மியூசியத்துக்கு விற்றும் கடன் அடையவில்லை. 1819-ல் கடனாளிகள் சிறையில் அடைக்கப்பட்டார். சுமார் பத்து வாரம் கழித்து வெளியே வந்தபோது, வீடும் கைவிட்டுப் போயிருந்தது.

லண்டனே வேண்டாம் என்று வடக்கே போய், மறுபடி கிடைத்த வேலையைச் செய்தார். பாறைகளை மட்டும் விடவில்லை. 1831-ல் அதே சங்கம் தன் உயரிய வொல்லாஸ்டன் பதக்கத்தை முதன்முதலில் அவருக்குத்தான் கொடுத்தது. அப்போது அவருக்கு வயது 61. எட்டு வருடங்களில், 1839-ல், இறந்துபோனார்.

லண்டனில் அந்தச் சங்கத்தின் கட்டடத்தில் ஸ்மித்தின் மேப்பும் கிரீனோவின் மேப்பும் பக்கத்துப் பக்கத்தில் தொங்குகின்றன. பார்க்க வருகிறவர்கள் தேடுவது என்னவோ, கொல்லர் மகனின் மேப்பைத்தான்!