புனித அல்போன்ஸ் லிகோரியாரும் அவருடைய தந்தையும்



தவக்கால வெள்ளிக்கிழமைகளில் உலகின் பல ஆலயங்களில் சொல்லப்பட்டுவரும் சிலுவைப்பாதைத் தியானங்களை எழுதியவர் புனித அல்போன்ஸ் லிகோரியார். ஆயர், மறைவல்லுநர், இரட்சகர் சபையை நிறுவியவர் என்று அவரை நாம் அறிவோம். அவர் ஒரு காலத்தில் தம் தந்தையின் முகத்தைக்கூட நேராகக் காணமுடியாமல் வாழ்ந்தவர் என்பது நம்மில் பலருக்குத் தெரியாது. இந்த ஜூபிலி ஆண்டில் இல்லங்களைச் சந்திக்கச் சென்றபோது, ஒரே கூரையின்கீழ் இருந்தும் தகப்பனும் மகனும் தாயின் வழியாகவே பேசிக்கொள்ளும் வீடுகள் சிலவற்றைக் கண்டோம். ஆகவே அவருடைய வாழ்க்கையில் இந்த ஒரு பகுதியை மட்டும் இம்மலரில் எழுதத் துணிந்தோம்.

இத்தாலி நாட்டில் நேப்பிள்ஸ் நகருக்கு அருகே மரியனெல்லா என்னும் ஊரில் 1696-ஆம் ஆண்டு செப்டம்பர் 27-ஆம் நாள் அல்போன்ஸ் பிறந்தார். தந்தை டான் ஜோசப் அரசாங்கத் துடுப்புப் போர்க்கப்பல்களின் தளபதி. கண்டிப்பானவர், முன்கோபி. ஆனால் பக்தியற்றவரல்லர். கப்பலில் தமது அறையில் பாடுபடும் ஆண்டவரின் சுரூபங்களை வைத்து வணங்கிவந்தார் என்பதை நாம் மறக்கலாகாது. மூத்த மகன் குலத்தை விளங்கவைப்பான் என்று அவர் பெரிதும் நம்பினார். நாள்தோறும் மூன்று மணி நேரம் இசை பயிலவைத்தார். சட்டம் படிக்கவைத்தார். 1713-இல், பதினாறே வயதில், அல்போன்ஸ் சட்டத்தில் முனைவர் பட்டம் பெற்றபோது, பட்டமளிப்பு அங்கிக்குள் சிறுவனின் உருவமே மறைந்துபோனதைக் கண்டு கூடியிருந்தோர் சிரித்தனராம்.

வழக்கறிஞராக எட்டு ஆண்டுகள் தோல்வியே காணாதவர் என்று பெயரெடுத்தார். 1723-இல் ஐந்து இலட்சம் டுகாத்து பெறுமானமுள்ள சொத்து வழக்கு ஒன்றில், ஓர் ஆவணத்தைத் தவறாகப் புரிந்துகொண்டதால் தோற்றார். நீதிமன்றத்தைவிட்டு வெளியேறியவர் அறைக்குள் அடைபட்டு மூன்று நாள் உணவு கொள்ளவில்லை. அதே ஆண்டு ஆகஸ்ட் 28-ஆம் நாள் பேரரசியின் பிறந்தநாளையொட்டி அரண்மனையில் வரவேற்பு நடந்தது. உடன் வரும்படி தந்தை அழைத்தார். மகன் மறுத்தார். தந்தை கடுங்கோபத்துடன் போய்விட, மகன் தீராப்பிணியாளர் மருத்துவமனைக்குச் சென்றார். உலகைத் துறந்து தமக்கே தம்மைக் கையளிக்கும்படி ஆண்டவர் அழைப்பதை அங்கேதான் உணர்ந்தார். அங்கிருந்து சிறைமீட்பு அன்னையின் ஆலயத்துக்குப் போய், பிரபுகுலத்தாருக்குரிய தம் வாளை அன்னையின் பாதத்தில் வைத்தார்.

தந்தைக்கோ இடி விழுந்தாற்போலாயிற்று. இரண்டு முறை பேசிய திருமணம் கைகூடவில்லை, வக்கீல் தொழிலும் போயிற்று, இப்போது குருத்துவமா? இரண்டு மாதம் வீடு போர்க்களமாயிருந்தது. கடைசியில் ஓர் உடன்பாடு ஏற்பட்டது. மகன் குருவாகலாம், ஆனால் புனித பிலிப்பு நேரியாரின் சபையில் சேரக்கூடாது, வீட்டிலேயே தங்கவேண்டும். மகன் இணங்கினார். இதைச் சமாதானம் என்று சொல்ல நமக்கு மனம் வரவில்லை. அக்டோபர் 23-ஆம் நாள் அங்கி தரித்து வந்த மகனைக் கண்டு தந்தை மனமுடைந்தார். நெடுநாள் அவரோடு முகங்கொடுத்துப் பேசவில்லை. ஒரே வாசற்படியைக் கடந்து ஒருவர் அரண்மனைக்கும் மற்றவர் ஆலயத்துக்கும் போய்வந்தனர். மகன் எதிர்த்துப் பேசவுமில்லை, தம் அழைத்தலைக் கைவிடவுமில்லை. இரண்டையும் சேர்த்துச் செய்வது எவ்வளவு கடினம் என்பது, தந்தையின் விருப்பத்துக்கு மாறாகக் குருமடம் புகுந்த எவருக்கும் தெரியும்.

1726 டிசம்பர் 21-ஆம் நாள் அவர் குருப்பட்டம் பெற்றார். எளிய மொழியில் அவர் நிகழ்த்திய மறையுரையைக் கேட்க மக்கள் திரண்டனர். ஒரு நாள் டான் ஜோசப் வீடு திரும்பும் வழியில், மகன் பிரசங்கித்துக்கொண்டிருந்த ஆலயத்துக்குள் நுழைந்தார். ஏன் நுழைந்தார் என்று அவருக்கே தெரிந்திருக்குமோ என்னவோ! கூட்டத்தோடு கூட்டமாக நின்று கேட்டார். வீட்டுக்கு வந்ததும் மகனிடம், இறைவனை அறிய எனக்கு இன்று கற்பித்தவன் நீயே என்ற பொருள்பட ஒப்புக்கொண்டு, அதுவரை நடந்துகொண்டதற்காக வருந்தினார் என்று வரலாற்றாசிரியர்கள் எழுதியுள்ளனர். படைத் தளபதி ஒருவர் தம் பிள்ளையிடம் இவ்வாறு சொல்வது இலேசான காரியமன்று.

எனினும் காயம் அத்துடன் ஆறிவிடவில்லை. மலைநாட்டு ஆட்டிடையரின் அறியாமை கண்டு இரங்கிய அல்போன்ஸ், அவர்களுக்காகப் புதிய சபை தொடங்க 1732-இல் நேப்பிள்ஸை விட்டுப் புறப்பட்டார். இந்த முறை தந்தை சினக்கவில்லை. மகனைக் கட்டித் தழுவிக்கொண்டு, தம்மைக் கைவிட்டுப் போகவேண்டாமென்று மூன்று மணி நேரம் கெஞ்சினார். தந்தையின் கோபத்தைத் தாங்கியவருக்கு அவருடைய கண்ணீரைத் தாங்குவதுதான் அரிதாயிருந்தது. தம் வாழ்நாளில் தமக்கு நேர்ந்த சோதனைகளுள் இதுவே பெரிது என்று புனிதர் பிற்காலத்தில் கூறினார். ஆயினும் போனார். நவம்பர் 9-ஆம் நாள் ஸ்காலா என்னும் ஊரில் சபை பிறந்தது.

சில ஆண்டுகள் சென்றன. சியோரானி என்னும் ஊரில் இருந்த சபை இல்லத்துக்கு டான் ஜோசப் மகனைத் தேடிவந்தார். அங்கே துறவிகளின் ஏழ்மையையும் ஜெபத்தையும் கண்டவர், தம்மையும் சபையில் ஒரு சாதாரண சகோதரராகச் சேர்த்துக்கொள்ளும்படி மகனிடமே வேண்டினார். மகன் துறவியாவதைத் தடுத்தவர் அன்று தந்தை. இப்போது தடுத்தவர் மகன். தந்தையின் கடமை குடும்பத்தில்தான் இருக்கிறது என்று அன்போடு எடுத்துச் சொல்லி அவரை அனுப்பிவைத்தார். முதியவர் முணுமுணுக்காமல் கீழ்ப்படிந்து, தம் மனைவி இருந்த நேப்பிள்ஸ் வீட்டுக்குத் திரும்பிச் சென்றார்.